டைனமைட்டும் நெஞ்சுவலி மாத்திரையும் ஒரே குடும்பம்! - நாக்குக்கு அடியில் நடக்கும் கெமிஸ்ட்ரி

இதய நோயாளி இருக்கிற வீடுகளில் ஒரு சின்ன மாத்திரை அட்டை எங்கேயாவது கண்ணில் படும். சட்டைப் பாக்கெட்டில், தலையணைக்கு அடியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஹேண்ட்பேக்கின் குட்டி ஜிப்புக்குள். 'நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வெச்சுக்கோங்க' என்று சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. பெரும்பாலும் அது ஐசோசார்பைடு டைநைட்ரேட். 'சார்பிட்ரேட்' என்று பிராண்டு பெயரைச் சொன்னால்தான் பலருக்கும் தெரியும்.

இதே மாத்திரை வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளிலும் அடிக்கடி வரும். 'எல்லார் பர்ஸிலும் இது இருக்கணும், யாருக்கு நெஞ்சு வலித்தாலும் உடனே கொடுங்கள், உயிர் பிழைப்பார்' என்கிற மாதிரி. கேட்க நல்லாதான் இருக்கு. ஆனா, அப்படி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமா? கூடாது. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஏன் என்று புரிய, இந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிஞ்சுக்கணும். அதற்கு முதலில் ஒரு வாயுவைச் சந்திக்கணும்.

புகையிலும் இருக்கு, ரத்தக்குழாயிலும் இருக்கு!

அந்த வாயுவின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். நிறம் கிடையாது. வண்டிப் புகையிலும் வெளியே வரும். பல் டாக்டர் கொடுக்கும் 'சிரிப்பு வாயு' வேறு. அது நைட்ரஸ் ஆக்சைடு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்த வாயுவை நம் உடம்பே தயாரிக்கிறது. ரத்தக்குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். அங்கே இருக்கும் ஒரு என்சைம், புரதத்தில் இருந்து கிடைக்கும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் வைத்து நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகிறது.

உருவான வாயு பக்கத்தில் இருக்கும் தசைச் செல்லுக்குள் நேராக நுழைகிறது. அங்கே ஒரு சுவிட்சைத் தட்டுகிறது. சி.ஜி.எம்.பி. என்ற மூலக்கூறு உற்பத்தியாகிறது. அது தசைக்குள் இருக்கும் கால்சியத்தின் அளவைக் குறைக்கிறது. இறுகி இருந்த தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, ரத்தம் சுலபமாக ஓடுகிறது. வேலை முடிந்த சில விநாடிகளில் நைட்ரிக் ஆக்சைடு காணாமல் போய்விடும்.

இங்கேதான் மருத்துவத்துக்கு ஒரு சிக்கல். சில விநாடிகள்கூடத் தாங்காத ஒரு வாயுவை எப்படி மாத்திரையாகக் கொடுப்பது? வாயுவை நேரடியாகக் கொடுக்காமல், அதைத் தனக்குள் கட்டிவைத்திருக்கும் ஒரு சேர்மத்தைக் கொடுக்கணும். உடம்புக்குள் போனதும் அது கட்டை அவிழ்த்து வாயுவை வெளியே விடும். ரத்தம் கொடுப்பவரை 'டோனர்' என்கிறோம் இல்லையா? அதேபோல இவற்றுக்கும் 'நைட்ரிக் ஆக்சைடு டோனர்' என்று பெயர். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அந்தக் குடும்பத்தில் ஒன்று.

தலைவலியில் ஆரம்பித்த கதை

சுவாரஸ்யம் என்னவென்றால், இந்த வாயுவைப் பற்றி யாருக்கும் தெரிவதற்கு நூறு வருஷம் முன்பே மருந்து வந்துவிட்டது.

1847-ல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர், கிளிசரினில் நைட்ரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை உருவாக்கினார். அந்தக் கால வழக்கப்படி கொஞ்சம் நாக்கில் வைத்தும் பார்த்தார். பயங்கரமான தலைவலி! கூடவே, லேசாகத் தட்டினாலே வெடிக்கும் குணமும் அதற்கு இருந்தது.

அந்த வெடிக்கும் குணத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர் ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட் நோபல். 1864-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த வெடி விபத்தில் அவரது தம்பி எமில் உயிரிழந்தார். அதற்குப் பிறகு ஒரு வகை மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்துப் பாதுகாப்பானதாக மாற்றி, 1867-ல் 'டைனமைட்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார்.

அதே 1867-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் லாடர் பிரன்டன் என்ற இளம் டாக்டர், நெஞ்சுவலியில் துடித்த நோயாளிகளை அமைல் நைட்ரைட் என்ற திரவத்தின் ஆவியை முகரவைத்தார். வலி சட்டென்று குறைந்தது. 1879-ல் லண்டனின் வில்லியம் முர்ரெல், நைட்ரோகிளிசரினை மிகவும் நீர்த்துப்போகச் செய்து முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, பலன் கிடைத்ததை 'லான்செட்' இதழில் எழுதினார்.

இன்னொரு பக்கம், வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஒரு விநோதம் நடந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரும் தொழிலாளர்களுக்குத் தலை பிளக்கிற மாதிரி வலிக்கும். செவ்வாய், புதன் ஆக ஆக சரியாகிவிடும். ஞாயிறு லீவு முடிந்து வந்தால் மறுபடியும் தலைவலி. இதனால் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர் வந்தது. சிலருக்கு லீவு நாளில் நெஞ்சுவலியே வந்தது. தினமும் காற்றில் கலந்திருந்த நைட்ரோகிளிசரினுக்கு ரத்தக்குழாய்கள் பழகிவிட்டன. அது திடீரென்று கிடைக்காதபோது இறுகிக்கொண்டன. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்தில் உங்க வீட்டு மாத்திரை டைமிங்குக்கே இது தேவைப்படும்.

கடைசிக் காலத்தில் இதய நோயால் அவதிப்பட்ட நோபலுக்கு டாக்டர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்கள் தெரியுமா? நைட்ரோகிளிசரின்! 'விதியின் விளையாட்டைப் பார்த்தீர்களா' என்ற தொனியில் 1896-ல் ஒரு கடிதத்தில் அவரே இதைக் குறிப்பிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார்.

மர்மம் உடைந்தது

மருந்து வேலை செய்கிறது, சரி. எப்படி வேலை செய்கிறது? இதற்குப் பதில் கிடைக்க 1977 ஆனது. நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கிறது, அந்த வாயுதான் தசையைத் தளர்த்துகிறது என்று அமெரிக்காவின் ஃபெரிட் முராட் கண்டுபிடித்தார். 1980-ல் நியூயார்க்கின் ராபர்ட் ஃபர்ச்காட், ரத்தக்குழாயின் உள்படலம் ஏதோ ஒரு பொருளை அனுப்பித்தான் குழாயை விரிக்கிறது என்று நிரூபித்தார். முயலின் ரத்தக்குழாயில் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் விரியவே இல்லை. அந்த 'ஏதோ ஒரு பொருள்' நைட்ரிக் ஆக்சைடுதான் என்று ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ இருவரும் 1986-ல் சொன்னார்கள். அடுத்த ஆண்டு இக்னாரோவின் குழுவும், பிரிட்டனில் சால்வடோர் மொன்காடாவின் குழுவும் அதற்கான ஆதாரங்களை வெளியிட்டன.

1998-ல் முராட், ஃபர்ச்காட், இக்னாரோ மூவருக்கும் மருத்துவப் பரிசு கிடைத்தது. பரிசின் பெயர், நோபல்!

நாக்குக்கு அடியில் ஏன்?

'எல்லா மாத்திரையையும் முழுங்குறோம், இதை மட்டும் ஏன் அங்க வைக்கணும்?' நியாயமான கேள்வி.

வயிற்றில் இருந்து போகும் மருந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். நைட்ரோகிளிசரினின் பெரும்பகுதியை அது அங்கேயே உடைத்துப் போட்டுவிடும். ஐசோசார்பைடு டைநைட்ரேட்டிலும் கணிசமான பகுதி அங்கே வீணாகும். நாக்குக்கு அடியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைய இருக்கின்றன. அங்கே கரையும் மருந்து கல்லீரலுக்குப் போகாமல் நேராக இதயத்தின் பக்கம் போகிறது. அதனால்தான் சில நிமிடங்களிலேயே வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அவசரத்தில் தண்ணீர் குடித்து முழுங்கிவிட்டால் அந்த வேகம் போய்விடும்.

டைனமைட் சரக்கு ஆச்சே, பாக்கெட்டில் வெடிச்சுடுமா? வெடிக்காது. ஒரு நைட்ரோகிளிசரின் மாத்திரையில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மீதி எல்லாம் லாக்டோஸ் போன்ற நிரப்புப் பொருள்.

அடைப்பைக் கரைக்குமா?

இதுதான் நம் ஊரில் இருக்கும் மிகப்பெரிய தவறான நம்பிக்கை. கரைக்காது!

இந்த மாத்திரை முக்கியமாகச் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களை விரிக்கிறது. அப்போது ரத்தம் உடம்பின் மற்ற பகுதிகளில் கொஞ்சம் தேங்கி, இதயத்துக்கு வரும் அளவு குறையும். மூட்டை தூக்குகிறவரின் தலையில் இருந்து பாதிச் சுமையை இறக்குகிற மாதிரி. இதயத்தின் வேலைப்பளு குறைகிறது, ஆக்சிஜன் தேவை குறைகிறது, வலி குறைகிறது. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களும் கொஞ்சம் விரியும். ஆனால், குழாய்க்குள் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டியை இது தொடக்கூட முடியாது.

அதனால் 'மாத்திரை வெச்சதும் வலி போயிடுச்சு, ஆஸ்பத்திரி எதுக்கு?' என்று முதல்முறை நெஞ்சுவலி வந்தவர் வீட்டிலேயே இருப்பது ஆபத்து. வலி போனதை வைத்து அது இதயப் பிரச்னை இல்லை என்றோ, ஆமாம் என்றோ முடிவுசெய்யவும் முடியாது. உணவுக்குழாய் இறுகியதால் வரும் வலிகூட இதில் குறையலாம். இ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

யாருக்குக் கொடுக்கவே கூடாது?

ரத்தக்குழாய் விரிந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். எல்லா ஆபத்தும் இந்த ஒரு வரியில் இருந்துதான் வருகிறது.

ஏற்கெனவே பிரஷர் குறைந்து வியர்த்துப்போய் இருப்பவருக்குக் கொடுத்தால், இன்னும் இறங்கி மயங்கிவிடலாம். மாரடைப்பிலேயே ஒரு வகை இதயத்தின் வலது கீழறையைப் பாதிக்கும். அவர்களுடைய இதயம், திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வரத்தையும் மாத்திரை குறைத்துவிட்டால் நிலைமை மோசமாகும். மகாதமனி வால்வு ரொம்பவும் சுருங்கியவர்களுக்கும் இதே சிக்கல். இவற்றை எல்லாம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'பக்கத்து வீட்டு மாமாவோட மாத்திரை இருக்கு, போட்டுக்கோங்க' என்று கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கூச்சப்பட்டு மறைக்கக் கூடாத ஒரு விஷயம்

சி.ஜி.எம்.பி. என்று முன்னாடி பார்த்தோமே, அதை உடைக்க உடம்பில் ஒரு என்சைம் இருக்கிறது. அந்த என்சைமைத் தடுப்பவைதான் சில்டெனாஃபில், டாடலாஃபில் போன்ற மாத்திரைகள். சில்டெனாஃபிலின் பிரபலமான பெயர் வயாக்ரா. முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் அதைப் பரிசோதித்தார்கள். வேறு 'பலன்' தெரிந்ததால் பாதை மாறி, 1998 மார்ச்சில் ஆண்மைக் குறைபாட்டுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்க. சார்பிட்ரேட் குழாயைத் திறந்துவிடுகிறது. சில்டெனாஃபில் அதை மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். மரணம்கூட நேரலாம். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டாடலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி.

பிரச்னை என்னவென்றால், இந்த மாத்திரையை எடுப்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. நெஞ்சுவலியோடு எமர்ஜென்சி வார்டில் படுத்திருக்கும்போது மனைவி, பிள்ளைகள் சுற்றி நிற்க, 'ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?' என்று டாக்டர் கேட்டால், 'இல்ல' என்று தலையாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லிடுங்க. எல்லாரையும் வெளியே அனுப்பச் சொல்லிவிட்டாவது சொல்லிடுங்க. டாக்டருக்கு இது ஆயிரத்தில் ஒரு கேள்வி, உங்களுக்கு உயிர். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காகப் பெண்களும் சில்டெனாஃபில் எடுப்பதுண்டு. அதையும் சொல்லணும். 'ஆண்மை சக்தி' என்று விற்கும் சில சப்ளிமென்ட்டுகளில் சில்டெனாஃபிலை ரகசியமாகக் கலப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. 'மூலிகைதானே' என்று அதையும் விட்டுவிடாதீர்கள்.

அலாரம் வைக்கிற பிள்ளைகளே, கவனிங்க!

அப்பா அம்மாவின் மாத்திரைக்கு மொபைலில் அலாரம் வைக்கிற நல்ல பிள்ளையா நீங்க? தினமும் முழுங்குகிற ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் மாத்திரையை, சிலருக்குக் காலை 8 மணி, மதியம் 3 மணி என்று டாக்டர் எழுதியிருப்பார். 'ரெண்டு வேளைன்னா காலை 8, ராத்திரி 8தானே' என்று நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை நோய் ஞாபகம் இருக்கா? 24 மணி நேரமும் நைட்ரேட் இருந்துகொண்டே இருந்தால் ரத்தக்குழாய் பழகிவிடும், மருந்து வேலை செய்யாது. அதனால் தினமும் சில மணி நேரம், பெரும்பாலும் இரவில், மருந்தில்லாத இடைவெளி வேண்டும். தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டைகளையும் இதற்காகத்தான் இரவில் கழற்றச் சொல்கிறார்கள். அதேசமயம், பல மாதங்களாக எடுத்துவரும் மருந்தை ஒரேயடியாக நிறுத்துவதும் தவறு.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணத்தை 2002-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். நைட்ரோகிளிசரினின் கட்டை அவிழ்க்கும் என்சைம், அந்த வேலையைச் செய்யச் செய்யவே சோர்ந்துபோகிறது. மது குடித்தபின் உருவாகும் நச்சை உடைப்பதும் இதே என்சைம்தான். சீனா, ஜப்பான், கொரியாவில் பலருக்கு இது பிறவியிலேயே பலவீனமாக இருக்கும். கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்துவிடும் அவர்களுக்கு, நைட்ரோகிளிசரினும் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

இதயத்தைத் தாண்டி...

இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களும் சுறுசுறுப்பானவர்கள்தான்.

சோடியம் நைட்ரோபுருசைடு: பிரஷர் எக்குத்தப்பாக எகிறும்போது ஐ.சி.யு.வில் சொட்டுச்சொட்டாக ஏற்றுவது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பாட்டிலைச் சுற்றி மறைத்திருப்பார்கள். இதன் ஒரு மூலக்கூறில் ஒரு நைட்ரிக் ஆக்சைடும் ஐந்து சயனைடும் இருக்கின்றன! அதனால் அளவையும் நேரத்தையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள்.

நைட்ரோகிளிசரின் களிம்பு: ஆசனவாய் வெடிப்புக்குத் தடவுவது. இறுகிய தசை தளர்ந்து, ரத்த ஓட்டம் கூடி, புண் ஆறுகிறது.

லேடனோபுரோஸ்டீன் புனோட்: கண் நீர் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

டோனராக இல்லாமல் வாயுவாகவே கொடுக்கும் சிகிச்சையும் உண்டு. பிறந்ததும் நுரையீரல் ரத்தக்குழாய்கள் திறக்காமல் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு, சுவாசக் கருவி வழியாக மிகக் குறைந்த அளவில் நைட்ரிக் ஆக்சைடைக் கொடுக்கிறார்கள். 1999-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

ஜிம் பவுடரும் பீட்ரூட்டும்

'என்.ஓ. பூஸ்டர்' என்று ஜிம்களில் விற்கும் பவுடர்களில் அர்ஜினைன், சிட்ருலின் போன்றவை இருக்கும். 'மூலப்பொருளைக் கொட்டினால் வாயு பெருகும்' என்பதுதான் லாஜிக். ஆனா, உடம்பு அவ்வளவு சிம்பிளான தொழிற்சாலை இல்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு அர்ஜினைன் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றின் முடிவு 2006-ல் வெளியானது. அர்ஜினைன் எடுத்த குழுவில் 6 பேர் இறந்தார்கள். எடுக்காத குழுவில் ஒருவரும் இல்லை. சேர்க்கையையே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இதய நோயாளி இருந்தால், உங்க பவுடரை அவருக்குப் பாசத்தோடு கலந்து கொடுக்காதீங்க.

பீட்ரூட், கீரைகளில் இருக்கும் நைட்ரேட்டும் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாக மாறும். நம் நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள்தான் அதன் முதல் கட்டத்தை முடித்துக் கொடுக்கின்றன. கிருமிநாசினி மவுத்வாஷை அடிக்கடி உபயோகித்தால் அந்த வேலை பாதிக்கப்படும். பீட்ரூட் ஜூஸ் பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. பொரியலாகவோ ஜூஸாகவோ தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

நெஞ்சு வலித்தால் என்ன செய்யணும்?

* டாக்டர் உங்களுக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் மாத்திரையை எடுங்கள். நின்றுகொண்டு வேண்டாம், உட்காருங்கள். தலைசுற்றி விழாமல் இருக்க இது முக்கியம்.

* நாக்குக்கு அடியில் ஒன்று. 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ, கூடினாலோ 108-ஐ அழையுங்கள். அடுத்த மாத்திரை பற்றி டாக்டர் முன்பே சொன்னபடி நடங்கள்.

* முதல்முறையாக நெஞ்சுவலி வருகிறவர் என்றால் மாத்திரை தேடி அலைய வேண்டாம். முதல் வேலை 108. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம்.

* மாத்திரை எடுத்ததும் தலைவலி வந்தால் பயப்படாதீர்கள். தலையில் உள்ள ரத்தக்குழாய்களும் விரிவதால் வருவது. சொப்ரேரோவுக்கு வந்த அதே தலைவலி!

* வெயிலில் நிற்கும் பைக் பெட்டியிலோ, கார் டாஷ்போர்டிலோ மாத்திரையை வைக்காதீர்கள். நைட்ரோகிளிசரின் மாத்திரை ஆவியாகிப் போகக்கூடியது. அது வந்த கண்ணாடி பாட்டிலிலேயே இறுக்கமாக மூடி வைக்கணும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் மருந்தை டப்பாவே உறிஞ்சிவிடும்.

* காலாவதி தேதியைப் பாருங்கள். வாங்கி வைத்து மறந்துபோன அட்டை அவசரத்துக்கு உதவாது.

கடைசியாக ஒரு ஐந்து நிமிஷ வேலை. வீட்டில் இருக்கும் இதய நோயாளி என்னென்ன மாத்திரை, எத்தனை மணிக்கு எடுக்கிறார், கடைசியாக எடுத்த இ.சி.ஜி. எங்கே இருக்கிறது என்பதை உங்க மொபைலில் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஆம்புலன்ஸில் ஏறும்போது ஃபைலைத் தேட நேரம் இருக்காது. உங்க போன் கையிலதானே இருக்கும்!